கரிக் காரில் மலையடிவாரம்

1944ஆம் ஆண்டு மே மாதம் இருபதாம் தேதி, சனிக்கிழமை. விழித்ததும் வழக்கம்போல முதலில் சட்டைப்பைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். பிறகு பல் துலக்கி, சவரம் செய்து, வேதத்தில் ஒரு சங்கீதம் வாசித்து, கருப்பட்டிக் காப்பி குடித்தேன். சர்க்கரைக்கு ரேஷன் வந்ததிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லா வீட்டுக் காப்பியும் ஒரே நிறமாகிவிட்டது. அதன் பின் முந்தின நாள் கட்டிவைத்த பெட்டிகளை அவிழ்த்துச் சரிபார்த்து மறுபடி கட்டினேன்.

இலங்கையில், அட்டனுக்குப் பக்கத்திலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தலைமைக் குமாஸ்தா. விடுமுறை அன்றோடு முடிந்தது. மாலை ரயிலைப் பிடித்தால்தான் கப்பலைப் பிடிக்கலாம். விடுமுறைக்குப் போய்த் தாமதமாகத் திரும்பினான் என்ற பேச்சு என் உத்தியோகத்தில் இதுவரை வந்ததில்லை.

நாங்கள் தங்கியிருந்தது என் மனைவி ஞானத்தின் தங்கை கிருபையின் வீட்டில். கிருபைக்கு நிறைமாதம். பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த மாதத்தில் வந்தோம். பிள்ளை எங்கள் கணக்கில் சேரவில்லை. முந்தின நாள் வந்த மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு வாரம் செல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து கிருபையின் முகம் வாடியே இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் நாவில் முதன்முதலாகத் தேனோ கருப்பட்டித் தண்ணீரோ தொட்டுவைப்பதை இந்தப் பக்கம் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. கோயிலுக்குப் போகிற வீடானாலும் சபைக்குப் போகிற வீடானாலும் இதில் வித்தியாசமில்லை. கிருபையின் மூத்த மகள் லில்லிக்குச் சேனை வைத்தது அவள் தகப்பன், என் சகலை சாமுவேல். பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான மனிதர், ஆனால் எந்த இடத்துக்கும் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தவரல்ல. லில்லிக்கு இப்போது ஐந்து வயது. காலையில் தட்டில் வைத்த இட்லியை வெயில் முற்றத்தில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அத்தான், இந்தப் பிள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும். இதுவும் இவிய மாதிரி வந்துச்சுன்னா நான் எங்க போய் முட்டிக்கிடுவேன்?" என்று நாங்கள் வந்த நாளிலிருந்து கிருபை கேட்டுக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துக்கு ஒரு தந்தி அடித்து விடுமுறையை நீட்டிக்க முடியாதா என்று ஞானமும் என்னைக் கேட்டாள். முடியாது என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஒன்றை ஞானம் இரண்டாம் முறை கேட்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டாள் என்று அர்த்தமல்ல. இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி நாளைச் சும்மா கழிக்க வேண்டாம் என்று ஊர் சுற்றிக் காட்ட ஏற்பாடு செய்தவர் சாமுவேல். "அண்ணாச்சி, பாலைவனமும் மலையும் ஒரே நாளையில பார்த்திருக்கீயளா? நான் காட்டுதேன்" என்றார். கிருபையே அக்காளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். "என் வயித்தையே பாத்துக்கிட்டு இருக்காத, போயிட்டு வா. ஒரு வாரத்துக்கு இது அசையாது." பக்கத்து வீட்டு அம்மாள் துணைக்கு வந்து உட்கார்ந்தாள்.

வாடகைக் காரின் சொந்தக்காரரும் டிரைவரும் ரெங்கசாமி நாயக்கர். பெட்ரோல் கிடைக்காததால் காரின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளையைப் பூட்டி, அதில் கரியை எரித்து, வரும் வாயுவில் ஓட்டுகிறார். உருளையின் உயரம் என் தோள் வரை. சமையலறையை முதுகில் சுமந்துகொண்டு போகிற நத்தை மாதிரி இருந்தது அந்தக் கார். முன்விளக்கில் ஆண்டாள் கோயில் துளசி மாலை தொங்கியது. நாயக்கர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றூதினார், நாங்கள் நின்றோம். கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு இன்னும் சுற்றினார். நான் கண்களை மூடி ஒரு சிறு ஜெபம் செய்தேன்.

"ரெண்டு பக்கமும் சொல்லியாச்சு. இனிமே கரி பத்துனா சரி" என்றார் நாயக்கர். பற்றியது.

கொண்டுபோன சாமான்கள்: புளிச்சோறு, பருப்புத் துவையல், அவித்த முட்டை, ஒரு ஓலைக் கொட்டான் முறுக்கு, ஒரு கூஜா குடிதண்ணீர், காருக்கு ஒரு டின் தண்ணீர், ஒரு மூட்டை கரி, ஒரு வாளி. கரி மூட்டைக்கு முன் சீட்டு கிடைத்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்த நான் அதற்குப் பக்கத்தில்.

ராஜபாளையத்துக்குப் போகும் சாலையில் எங்களை ஒரு மாட்டு வண்டி முந்தியது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கியபோது வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "கயிறு இருக்கு சாமி, வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நாயக்கர் காதில் வாங்காதவர்போல ஹாரனை அழுத்தினார். எங்கள் காரில் நம்பத்தக்கதாக இருந்தது அந்த ஹாரன் ஒன்றுதான்.

ராஜபாளையத்தில் ஒரு காப்பி கிளப்பில் இட்லி சாப்பிட்டோம். சட்னியில் காரம் தாராளம். எங்கள் தோட்டத்துக் கடையில் இப்படிச் சட்னி வைத்தால் துரை வரை புகார் போகும். வெளியே காருக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். என்னவென்று சாமுவேலிடம் கேட்டேன். அவர் மொழிபெயர்த்தார்: "இவங்க எந்த ஊருக்குச் சமைக்கப் போறாங்க, அடுப்பையும் கட்டித் தூக்கிட்டுப் போறாங்களே?" "அதுக்கு மத்தவ சொல்லுதா, அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான் தலைமைச் சமையல்காரர் போல." சட்டையைப் பார்த்தேன். வெள்ளை என்று அவள் சொன்னது பெருந்தன்மை.

ஊரைத் தாண்டியதும் பனைகளுக்கு நடுவே ஒருவர் பதனீர் விற்றுக்கொண்டிருந்தார். ஓலைப் பட்டையை மடித்துப் பிடித்துக் குடித்தோம். நான் பிறந்ததும் வளர்ந்ததும் கண்டியில். பதனீர் எனக்குப் புதிது. நாவிலிருந்து வயிறுவரை ஒரே குளிர்ச்சி. ஞானம் ஒரு வாய் குடித்துவிட்டு, உதட்டில் வைத்துப் பார்த்து, "சுண்ணாம்பு சரியா விழுந்திருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். அவளுக்குப் பூர்வீகம் சாத்தான்குளத்துக்குத் தெற்கே. பனங்காட்டுக்கு நடுவில் வளர்ந்தவள். விற்றவர் அவளை மரியாதையாகப் பார்த்தார். மத்தியானத்துக்கு ஆகட்டும் என்று சாமுவேல் ஒரு பானை நிறைய வாங்கிக் காரில் வைத்தார். பானைக்கு என் மடிதான் இடம்.

மேற்கே திரும்பியதும் மலை வந்தது. எங்கள் அட்டனில் மலை வீட்டுக்காரர்களில் ஒருவர். வாசலைத் திறந்தால் நிற்கும், மழையோடு உள்ளேயே வந்துவிடும். இங்கே மலை பெரிய இடத்துச் சம்பந்தி மாதிரி தள்ளி நிற்கிறது. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் பார்க்கத் தகுந்தது. அடியில் மாந்தோப்புகளின் கரும்பச்சை, அதற்கு மேல் காட்டின் மங்கல் பச்சை, உச்சியில் வெறும் பாறை நீலமாக. தோப்புக் காவலர் ஒருவர் சப்பட்டை மாம்பழங்கள் கொடுத்தார். நான் கத்தி எடுத்துத் தோல் சீவி, துண்டு போட்டு, இலையில் அடுக்கி முடிப்பதற்குள் மற்ற மூவரும் தங்கள் பழங்களைக் கடித்து உறிஞ்சி முடித்துவிட்டு என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அய்யனார் ஆற்றில் தண்ணீர் என்று சொல்ல முடியாது. பாறைகளுக்கிடையே ஆற்றின் ஞாபகம் போல ஏதோ ஓடியது. ஆனால் குளிர்ந்திருந்தது. காலை நனைத்துக்கொண்டு புளிச்சோறு சாப்பிட்டோம். மரத்தில் பூனை அளவு சாம்பல் நிற அணில் ஒன்று எங்களைக் கண்டபடி ஏசியது. ஞானம் மட்டும் ஊர் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்நேரம் தனியா இருப்பா" என்றாள் ஒருமுறை.

"பக்கத்து வீட்டு அம்மா இருக்காங்களே" என்றேன்.

"ஆமா" என்றாள்.

புறப்படுகிறபோது ஆற்றில் டின்னை நிரப்பிக்கொள்ளச் சொன்னேன். சாமுவேல் நிரப்பினார். நிரப்பி, ஒரு பாறைமேல் பத்திரமாக வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.

திரும்புகையில் சாலை வழியாகப் போகாமல், பாலைவனத்தைக் காட்டுகிறேன் என்று செண்பகத்தோப்புப் பக்கமாக மலையை ஒட்டி ஒரு வண்டிப் பாதையில் விடச் சொன்னார் சாமுவேல். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் தாராளமாக இருந்தது. பாலைவனமும் சொன்னபடியே வந்தது. மேகம் முழுவதும் மலையிலேயே தங்கிவிட, கீழே உடைமுள்ளும் சரளையும் மணலோடையும்தான். மணலுக்கு மேல் வெயில் நெளிந்தது. மலைச்சாரல் இடக்கைப் பக்கம் பச்சையாக நிற்க, வலக்கைப் பக்கம் ஒட்டகம் வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன் என்கிற மாதிரி ஒரு வறட்சி. வந்தவை நாலைந்து வெள்ளாடுகள்தான்.

ஓடை மணலில் கார் திணறியது. இறங்கித் தள்ளினோம். கரை ஏறியதும் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. நாயக்கர் டின்னைக் கேட்டார். சாமுவேல் சீட்டுக்கு அடியில் பார்த்தார், மேலே பார்த்தார், கடைசியில் மலையைப் பார்த்தார்.

"எடுத்து வச்சேன் அண்ணாச்சி. சத்தியமா எடுத்து வச்சேன்."

"எங்கே?"

"பாறையில."

கூஜாவும் காலி. நாயக்கர் வாளியை எடுத்துக்கொண்டார். "ராமா ராமா. அந்தப் பக்கம் ஒரு கெணறு உண்டு. செத்த நேரம் இருங்க, வாரேன். வண்டியத் தொடாதீய." அவர் உடைமரங்களுக்குள் மறைந்து வெகுநேரமாகியும் வரவில்லை. நான் கடிகாரத்தை எடுப்பதும் பையில் போடுவதுமாக இருந்தேன். தாராளமாக இருந்த நேரம் கண்ணெதிரே கரைந்தது. ரயில் போனால் கப்பல் போகும். கப்பல் போனால் துரைக்கு நான் என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் என் கண் பானையில் பட்டது. அரைப்பானைக்கு மேல் பதனீர் மிச்சமிருந்தது.

"இதை ஊத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

சாமுவேல் தலையைச் சொறிந்தார். பாறையில் டின்னை விட்டவருக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமை இல்லை என்று அவரே நினைத்திருக்க வேண்டும். ஞானம் உடைமர நிழலில் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஊத்துங்களேன். தண்ணி மாதிரிதானே இருக்கு" என்றாள்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனல்ல. சூடு தணியும்வரை காத்திருந்து, மூடியைத் துணி போட்டுத் திருகி, வாயில் என் கைக்குட்டையை விரித்து, தூசி போகாமல் வடிகட்டி ஊற்றினேன். சாமுவேல் பானையைச் சாய்த்தார். கடைசிச் சொட்டுவரை உள்ளே போனது. அந்நேரம் நாயக்கர் வியர்த்து ஒழுக அரை வாளி சேற்றுத் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். ரேடியேட்டர் நிறைந்திருப்பதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை.

"தண்ணி எங்க கெடச்சிச்சு?"

"கிடைத்தது. புறப்படுங்கள், ரயிலுக்கு நேரமாகிறது" என்றேன். வாளித் தண்ணீரை அவர் தம் தலையில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டார்.

கொஞ்ச தூரம் கார் அருமையாகப் போனது. முதலில் ஒரு வாசனை வந்தது. நல்ல வாசனை. பண்டிகைக்கு முன்தினம் ஒரு தெருவுக்குள் நுழைவது போல.

"யாரோ பணியாரம் சுடுதாக" என்றார் சாமுவேல், சுற்றிலும் வீடே இல்லாத காட்டில்.

நாயக்கர் மூக்கை உறிஞ்சினார். அதற்குள் மூடியைத் தூக்கியெறிந்துகொண்டு பழுப்பு நிற நுரை பொங்கியது. பொங்கி, துளசி மாலையை நனைத்து, முன்கண்ணாடியில் அறைந்து, கம்பி கம்பியாக இறங்கியது. கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. நாயக்கர் இறங்கினார். கண்ணாடியில் விரலை வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது. நாவில் வைத்துப் பார்த்தார்.

"ஏமண்டி! என்னத்தய்யா ஊத்துனீய?"

சொன்னேன்.

அவர் சரளைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரேடியேட்டருல கருப்பட்டி காச்சிப்புட்டீயளே சார்வாள்! எங்க வமுசத்துல வண்டி ஓட்டுன ஒருத்தனுக்கும் இது நடந்ததில்லையே!" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் எப்போது அழுகையிலிருந்து சிரிப்புக்கு மாறினார் என்று என்னால் கவனிக்க முடியவில்லை.

வாசனை பிடித்து முதலில் வந்தவை எறும்புகள். அடுத்து வந்தவள் பக்கத்துப் பனைக்கூட்டத்தில் குடிசை போட்டுக் கருப்பட்டி காய்ச்சுகிற ஒரு அம்மாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். கண்ணாடியில் இறங்கிய பாகை இரண்டு விரலுக்கிடையில் எடுத்து இழுத்துப் பார்த்தாள்.

"பதம் தப்பிப் போச்சு. இன்னும் செத்த நேரம் காஞ்சிருந்தா செரட்டையில ஊத்தியிருக்கலாம். யாரு காச்சுனது?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"கைப்பழக்கம் வரணும்லா" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். குடிசைக்குப் போய், சிரட்டையில் வார்த்த கருப்பட்டி ஒன்றை ஓலையில் பொதிந்து கொண்டுவந்து ஞானத்தின் கையில் கொடுத்தாள். "இத வச்சுக்கோ தாயி. இது அடுப்புல காச்சுனது."

காலையில் கயிறு வேண்டுமா என்று கேட்ட வண்டிக்காரனை நாயக்கர் காதில் வாங்காமல் விட்டதற்கு இப்போது பலன் கிடைத்தது. செண்பகத்தோப்பிலிருந்து விறகு ஏற்றி வந்த ஒரு வண்டியை நிறுத்தி, நாயக்கரே கயிறு கேட்டார். மாடுகள் காரை இழுத்தன. நாயக்கர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே வந்தவர்களுக்காக ஹாரன் மட்டும் அடித்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். வலது பக்கம் சூரிய வெளிச்சத்தில் காடு செம்பாகச் சிவந்தது. இடது பக்கம் மலை நீலத்திலிருந்து கருநீலமானது. பயணம் முழுவதிலும் மிக அழகான பகுதி அதுதான் என்று எழுதிவைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஊர் எல்லையில் கோபுரம் தெரிந்தபோது ரயில் கூவும் சத்தம் கேட்டது. கூவிக்கொண்டே போய்விட்டது.

நான் நின்றேன். ஞானமும் நின்றாள்.

"பதனீரைக் கொதிக்க வைத்தால் கருப்பட்டியாகும் என்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா? எங்க வீட்டுல அதானே வேல."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீங்க ஊத்தலாமான்னு கேட்டீய. கொதிச்சா என்ன ஆவும்னு கேக்கலியே" என்று சொல்லிவிட்டு, ஓலைப் பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வாசலில் மாடு பூட்டிய கார் வந்து நிற்பதைப் பார்த்துக் கிருபை பதறிப்போய் வெளியே வந்தாள். சாமுவேல் நடந்ததைச் சொன்னார். அவர் மெதுவாகத்தான் சொன்னார், டின்னிலிருந்து தொடங்கி. கைக்குட்டையில் வடிகட்டிய இடம் வந்ததும் கிருபை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பதம் தப்பிப் போச்சு" என்ற இடத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கண்ணீர் வழியச் சிரித்தாள். "அத்தானா? அத்தானா காச்சுனாக?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தவள், திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு ஞானத்தைப் பார்த்தாள்.

"அக்கா, மருத்துவச்சிய வரச் சொல்லு."

இரவைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. ஆண்களை வீட்டுக்குள் விடவில்லை. நாயக்கரும் நாங்களும் தெருவில் வெந்நீரை வாளி வாளியாக ஊற்றி ரேடியேட்டரைக் கழுவினோம். "இந்த வண்டியில இருந்து இனிப்பா ஒண்ணு வந்தது இதுதான் மொதத் தடவ" என்றார் நாயக்கர். அதற்குள் அவர் கோபம் தீர்ந்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் முதல் வேலையாக நான் செய்தது இது. சவரம் செய்யவில்லை, சங்கீதம் வாசிக்கவில்லை. கையை மட்டும் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்ட பெண் குழந்தை, கிருபையின் பக்கத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்திருந்தது. ஞானம் அந்த ஓலைப் பொதியைப் பிரித்து, கருப்பட்டியில் ஒரு துணுக்கைக் கிண்ணத்துத் தண்ணீரில் உரசிக் கரைத்தாள்.

"கொதிக்க வைக்கல. பயப்படாம வையுங்க" என்றாள்.

விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் குழந்தையின் நாவில் வைத்தேன். அது கண்ணை மூடியபடியே சப்புக்கொட்டிவிட்டு இன்னும் கேட்டது. "எந்நேரம் வச்சீக அத்தான்? சொல்லுங்க, எழுதி வைக்கணும்" என்றாள் கிருபை. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். சாவி கொடுக்காததால் அது எப்போதோ நின்றிருந்தது.